திறப்பு யார் கையில்?

குருவின் இல்லத்தில் தங்கி இசை பயின்ற காலத்தில் மாணாக்கனுக்கு விதிமுறை என்று தனியாக ஒன்று இருந்ததில்லை. குருவின் முகக்குறிப்பே விதி. இசைக்கல்வி நிறுவனங்களுக்குள் புகுந்தபின் நிலைமை மாறிற்று. 1960ஆம் ஆண்டில் மருதனார்மடத்தில் இராமநாதன் பெயரால் தோன்றிய இசைக் கல்லூரி 1975இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தோடு இணைந்தது. பல்கலைக்கழகம் என்று வந்துவிட்டால் ஒரு வீணையைப் பலர் மீட்டுவது தவிர்க்கவொண்ணாதது. பலர் தொடும் பொருளுக்கு விதி வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அண்மையில் ஓர் இசைத்துறையின் பயிற்சியறை வாசலில் ஒட்டியிருந்த அறிவித்தலை நின்று வாசித்தேன். எந்த ஊர் என்பது இங்கு வேண்டாம். பதினான்கு விதிகள், பதினான்கிலும் ‘கூடாது’ என்ற சொல். ‘ஏனெனில்’ என்பது ஒன்றிலேனும் இல்லை. நேரம் பிற்பகல் நாலரை, கதவிலே பூட்டு. நான்கு மணிக்குத் திறப்பு அலுவலகத்துக்குப் போய்விடுமாம். படிக்கட்டின் கீழே ஒரு மாணவி கைத்தொலைபேசியில் சுருதியை ஒலிக்கவிட்டு வர்ணம் பாடிக்கொண்டிருந்தாள்.

“உள்ளே தம்புரா இல்லையா, பிள்ளை?” என்று கேட்டேன்.

“இருக்குது ஐயா. அது ஒரு கட்டைக்குச் சேர்த்தது. சுருதியை மாற்றக் கூடாது எண்டு ஒன்பதாவது விதி. என்ரை சுருதி ஐந்து கட்டை.”

அவ்விதியிலும் நியாயம் உண்டு. ஒரு கட்டைக்குக் கட்டிய தந்தியை ஐந்துக்கு முறுக்கினால் அறுந்துபோகும். ஆயின், இருக்கும் ஒரே தம்புராவை ஆண்குரலுக்குச் சேர்த்து வைத்துவிட்டு, மாற்றாதே என்று எழுதினால், பெண்பிள்ளைகள் எதனோடு பாடுவது? அங்கே குறைவது இன்னொரு தம்புரா.

காரணம் தெரிந்த விதியை மாணாக்கர் தாமே காப்பர். வீணையை வெயில் படும் யன்னலருகே வைக்காதே என்பதோடு, அதன் 24 மெட்டுகளும் மெழுகிலே பதிந்தவை, சூடேறினால் இளகி இடம்பெயரும் என்று ஒரு வரி சேர்த்தால் என்ன? மிருதங்கத்தின் தொப்பியில் அப்பிய ரவையை வாசித்து முடிந்ததும் வழித்தெடுக்கச் சொல்கிறார்கள். விட்டால் அது புளித்துத் தோலைக் கெடுக்கும், இரவில் எலியும் வரும் என்பதைச் சொல்வதில்லை. (எலிக்கு அறிவித்தல் வாசிக்கத் தெரியாது.) ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒலிவாங்கியை ஊதிப் பார்த்தல் ஆகாது, மெல்லிய உலோக நாடா கொண்ட ஒலிவாங்கி ஓர் ஊதலிலே பழுதாகக்கூடும்.

பொறுப்பாளர் படும் பாட்டையும் அறிவேன். தந்தி அறுந்தால் அறுத்தவர் எவருமில்லை. பரீட்சை நெருங்கினால் ஒருவரே மாலை முழுவதும் அறையைப் பிடித்துக்கொள்வார். இவற்றுக்கு ஒரு பதிவேடு போதும்: பெயர், நேரம், எடுத்தபோதும் வைத்தபோதும் கருவி இருந்த நிலை. ஒருவருக்கு ஒரு மணி நேரம். அடுத்தவர் பத்து நிமிடம் பிந்தினால் முறை கைமாறட்டும். பூட்டி வைத்தால் கருவி பிழைக்கும் என்பதும் முழு உண்மையன்று. மாரிகாலத்தில் காற்றோட்டமற்ற அறையின் ஈரத்திலே தோல் தளர்ந்து சுருதி இறங்கிவிடும்.

சொந்த வீணை உள்ள மாணவிக்கு நாலுமணிப் பூட்டு ஒரு சிறு இடைஞ்சல். வீட்டுக்குப் போய் வாசித்துக்கொள்வாள். வீணை வாங்க வழியில்லாத குடும்பத்திலிருந்து வந்தவளுக்கோ பல்கலைக்கழகத்து வீணையைத் தவிர வேறு வீணை இல்லை. நான்கு மணிக்குப் பின் அவள் எதை மீட்டுவாள்?

துறைத்தலைவர்களிடம் நான் கேட்பது பெரிதன்று. பயிற்சியறை இரவு எட்டு மணி வரை திறந்திருக்கட்டும். மூத்த மாணாக்கர் இருவரிடம் முறைவைத்துத் திறப்பைக் கொடுங்கள். அடுத்த அறிவித்தலை எழுதும்போது மாணாக்கர் சிலரையும், மிருதங்கம் கட்டத் தெரிந்த ஒருவரையும் அருகிலே இருத்திக்கொள்ளுங்கள். படிக்கட்டின் கீழே பாடிய அந்தப் பிள்ளைக்கு அடுத்த மாதம் செய்முறைப் பரீட்சை.