அண்மைப் படப்பிடிப்பும் புதுமை மயக்கமும்

கமராவைப் பற்றிய பேச்சு எங்கு எழுந்தாலும் முதலில் கேட்கப்படும் வினா, அது எத்தனை மெகாபிக்சல் உடையது என்பதே. இரண்டாவது வினா, அது எந்த ஆண்டில் வெளிவந்தது என்பதாகும். வணிக விளம்பரம் கற்பித்த இவ்விரு வினாக்களையும் விஞ்ஞானம் பயில்வோரும் ஆராயாது ஏற்றுக்கொள்வது வியப்புக்குரியது. பூச்சியையும் பூவின் மகரந்தத்தையும் பாசியையும் படம்பிடிக்க விரும்பும் மாணவன், புதிய கருவி வாங்கும் வசதி வரும்வரை காத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் இவ்வினாக்களிலிருந்தே பிறக்கின்றது. இவ்வெண்ணம் தவறானது. அதைத் தவறென்று காட்டுவதற்குப் பொருளியல் வாதம் தேவையில்லை, பௌதிகவியலே போதும்.

அண்மைப் படப்பிடிப்பில் பொருளின் விம்பம், பொருளின் உண்மைப் பருமனுக்கு ஏறத்தாழச் சமமாக உணரியின்மீது விழுகின்றது. இந்நிலையில் வில்லை உணரியிலிருந்து வெகுவாக முன்தள்ளப்படுவதால், அதில் எஃப் 16 எனக் குறிக்கப்பட்ட துவாரம் எஃப் 32 ஆகவே தொழிற்படுகின்றது. துவாரம் சிறுத்தால் ஒளியின் கோணல் விளைவு பெருகும் என்பது உயர்தர வகுப்பு மாணவரும் அறிந்த உண்மை. எஃப் 32இல் பச்சை ஒளியின் ஒரு புள்ளி, ஏறத்தாழ 43 மைக்ரோமீற்றர் விட்டமுள்ள வட்டமாகப் பரந்து விழுகின்றது. 2008ஆம் ஆண்டில் வெளிவந்த 12 மெகாபிக்சல் நிக்கோன் டி90 கமராவின் ஒரு பிக்சல் சுமார் 5.5 மைக்ரோமீற்றர் அகலமானது. அதே பருமனுள்ள உணரியில் 24 மெகாபிக்சல் அடக்கப்படும்போது அது சுமார் 3.9 மைக்ரோமீற்றராகக் குறைகின்றது. வட்டமோ இவ்விரண்டையும் பன்மடங்கு விஞ்சியது. ஆகவே இத்துவாரத்தில் மேலதிகப் பிக்சல்கள் பதிவு செய்வது மேலதிக நுட்பத்தையன்று. அதே மங்கலை இன்னும் சிறு துண்டுகளாகவே பதிவு செய்கின்றன.

பிக்சல் மிகுந்தாற் படத்தை வெட்டிப் பெருப்பிக்கலாமே எனச் சிலர் வாதிடுவர். வெட்டிப் பெருப்பிக்கும்போது பெருப்பது விம்பத்தில் ஏற்கெனவே உள்ளதுதான். இல்லாத நுட்பம் பெருக்கத்தால் தோன்றிவிடாது. அகன்ற துவாரத்திற் பல படங்களை எடுத்து அவற்றைக் கணினியில் ஒன்றிணைப்போருக்கு மிகுந்த பிக்சல்களால் ஓரளவு பயன் உண்டு. அது அசையாப் பொருளுக்கும் ஆய்வுகூட மேசைக்கும் உரிய முறை. காற்றில் ஆடும் இலையிலிருக்கும் எறும்புக்கு உரியதன்று. அச்சிடும் தேவையை நோக்கினும், ஏ4 தாள் முழுவதையும் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் நிரப்புவதற்கு 87 இலட்சம் பிக்சல்களே வேண்டும். 12 மெகாபிக்சல் அத்தேவையைக் கடந்து நிற்கின்றது.

தானே குவியப்படுத்தும் விரைவும் புதிய கருவிகளின் பெருமையாகக் கூறப்படுகின்றது. பறவையையும் விளையாட்டு வீரனையும் படம்பிடிப்போருக்கு அது உண்மையிலேயே பெருமைதான். ஆயின் சம உருப்பெருக்கத்தில், எஃப் 16இலுங்கூட, கூர்மையாகத் தெரியும் ஆழம் ஒன்றேகால் மில்லிமீற்றர் அளவே. இங்கு உருப்பெருக்கத்தை முதலில் நிலைப்படுத்திவிட்டு, கமராவையே மெல்ல முன்னும் பின்னும் நகர்த்திக் கண் கூர்மையாகும் கணத்தில் விசையை அழுத்துவதே அனுபவமுள்ளோர் கையாளும் வழி. இவ்வழியில் வில்லைக்குள் இருக்கும் மோட்டருக்கு வேலையில்லை. எனவே கையாற் சுழற்றும் பழைய வில்லை இத்துறையிற் குறையுடையதாகாது. நிக்கோன் நிறுவனம் 1959இல் அறிமுகஞ்செய்த பொருத்துமுறைக்கென வந்த 55 மில்லிமீற்றர் மைக்ரோ நிக்கோர் வில்லை, தனித்து அரைப்பங்கு உருப்பெருக்கமும், 27.5 மில்லிமீற்றர் நீட்டற் குழாயுடன் சம உருப்பெருக்கமும் தரும். அவ்வில்லையைச் சோனியின் ஆடியற்ற கமராக்களிலும் பொருத்தலாம். இரு பொருத்துமுறைகளுக்கும் இடையிலான 28.5 மில்லிமீற்றர் வேறுபாட்டை, கண்ணாடி எதுவும் அற்ற ஒரு வெறும் உலோக வளையமே நிரப்பிவிடும்.

பிறர் கழித்த பொருளை வாங்குவதா என்ற மான உணர்ச்சியும் இங்கு குறுக்கிடுகின்றது. அவை ஏன் கழிக்கப்பட்டன என்பதை எண்ணிப்பார்த்தல் வேண்டும். 2018ஆம் ஆண்டில் நிக்கோனும் கெனனும் ஆடியற்ற கமராக்களுக்கெனப் புதிய பொருத்துமுறைகளை வெளியிட்டன. அதன்பின் ஆடியுள்ள கமராக்களும் அவற்றுக்குரிய வில்லைகளும் பெருந்தொகையாகக் கைமாறலாயின. அவற்றின் ஒளியியல் ஓரிரவிற் கெட்டுவிடவில்லை. சந்தையின் கவனமே வேறிடம் சென்றது. நாணய மதிப்பு வீழும் நாட்டில் இவ்வேறுபாடு அற்பமானதன்று. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியதை இலங்கை மாணவர் எவரும் மறந்திரார்.

பழையது யாவும் நல்லது என்பது இவ்வாதத்தின் பொருளன்று. மலிவு என்ற ஒன்றையே நோக்கி வாங்குவோன், புதுமை என்ற ஒன்றையே நோக்கி வாங்குவோனைப் போலவே ஏமாறுகின்றான். வெப்பமும் ஈரலிப்பும் மிகுந்த நாட்டில் வில்லையின் முதற் பகை பூஞ்சணம். வில்லையின் ஒருபுறமிருந்து டோர்ச் ஒளியைச் செலுத்தி மறுபுறமிருந்து நோக்கின், சிலந்தி நூல் போன்ற அதன் இழைகள் தென்படும். கண்ணாடியின் மேற்பூச்சை அது அரித்திருப்பின் துடைத்தும் பயனில்லை. துவாரத் தகடுகளில் எண்ணெய் கசிந்திருப்பின் அவை தாமதித்து மூடும், படம் வெளிறிப்போகும். மேற்கூறிய 55 மில்லிமீற்றர் வில்லையிலேயே இக்குறை அடிக்கடி காணப்படுவதால், தகடுகளை இயக்கிப் பாராது அதை வாங்கலாகாது. கமராவைச் சோதிப்பதற்கு, துவாரத்தை எஃப் 16க்குச் சுருக்கி வெண்சுவரைப் படமெடுத்தால் உணரியிலுள்ள தூசும் கீறலும் வெளிப்படும். ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்பதையும் அறிதல் வேண்டும். டி90இன் ஷட்டர் ஒரு இலட்சம் இயக்கங்களுக்கெனச் சோதிக்கப்பட்டது. அக்கமரா கையாற் சுழற்றும் பழைய வில்லைகளுடன் ஒளியை அளந்து தராது. 2010இல் வந்த டி7000 அளந்து தரும். வாங்கியபின் ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் இட்ட, காற்றுப்புகாப் பெட்டியில் வைத்துக் காப்பதும் வாங்குவோன் கடமையே.

மிஞ்சும் பணம் எங்கே செல்லவேண்டும் என்பதிலும் தெளிவு வேண்டும். அது ஒளிக்கே செல்லவேண்டும். துவாரம் சிறுத்த இப்படப்பிடிப்பில் ஒளி எப்பொழுதும் பற்றாக்குறையாகவே இருக்கும். ஒரு பழைய பிளாஷ் விளக்கும், அதன் கடுமையைத் தணிக்கும் வெண்தாளும், புதிய கமரா செய்யாத மாற்றத்தைப் படத்திற் செய்யவல்லன. ஆயினும் பிலிம் காலத்து விளக்குகளுட் சிலவற்றின் இணைப்புமுனையில் நூற்றுக்கணக்கான வோல்ற் அழுத்தம் இருத்தலால், அளந்து பாராது அவற்றை டிஜிற்றல் கமராவிற் பொருத்துவது ஆபத்து.

கைத்தொலைபேசியே போதுமே என்பது இறுதியாக எழுப்பப்படும் ஆட்சேபம். இலையின் நரம்புக்கும் பூவிதழுக்கும் அது போதலாம். ஆனால் அதன் குறுகிய குவியத்தூரம் காரணமாக, பொருளைப் பெரிதாகக் காணப் பூச்சியின் மிக அருகே செல்லவேண்டியுள்ளது, நிழல் விழுகின்றது, பூச்சி பறந்துவிடுகின்றது. 100 மில்லிமீற்றர் அண்மை வில்லையோ சம உருப்பெருக்கத்திலும் சுமார் 15 சென்ரிமீற்றர் இடைவெளி தருகின்றது. பூச்சியின் இயல்பான நடத்தையைக் காண்பதும் அதைக் கலைத்துவிடுவதும் இவ்விடைவெளியிலேயே வேறுபடுகின்றன.

விலங்கியலோ தாவரவியலோ கற்பிக்கும் ஒவ்வொரு துறையும், நன்கு சோதிக்கப்பட்ட பழைய கமரா ஒன்றையும் அண்மை வில்லைகள் இரண்டையும் மாணவர் இரவலாகப் பெறும் பொருள்களாக வைத்திருத்தல் வேண்டும். புதிய கருவியையே வாங்கவேண்டும் என்ற கொள்வனவு விதி எங்கேனும் இதற்குத் தடையாக இருப்பின், அவ்விதி மாற்றப்படல் வேண்டும். தென்னிந்திய மேற்குத் தொடர்ச்சி மலையோடு சேர்த்து உலகின் உயிர்ப்பல்வகைமை மிக்க பிரதேசங்களுள் ஒன்றாக எண்ணப்படும் இத்தீவில், காடு வெட்டப்படும்போது அங்கு வாழ்ந்த சிற்றுயிர்கள் பதிவின்றியே மறையக்கூடும். மாணவன் புதிய கமராவுக்குப் பணம் சேர்த்து முடிக்கும்வரை அவை காத்திரா.