புகை சர்டிபிகேட் 'பாஸ்'! ஆனாலும் பறக்குது பெட்ரோல்! காரில் கசிவைக் கண்டுபிடிப்பது எப்படி?

சென்னை:-

கார் ஓடவில்லை. வாசலில் சும்மா நிற்கிறது. ஆனாலும் பெட்ரோல் வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. தரையில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. எல்லாம் ஆவியாகப் பறக்கிறது.

அந்தக் காருக்குப் புகை சோதனை நடந்து இருக்கும். "எல்லாம் சரி" என்று சர்டிபிகேட்டும் கொடுத்து இருப்பார்கள். போலீஸ்காரர் மடக்கினால் எடுத்து நீட்டலாம். சட்டப்படி தப்பு ஒன்றும் இல்லை.

அப்படி என்றால் இந்தக் கசிவை யார்தான் பிடிப்பது? இதன் விவரம் வருமாறு:-

ஒரே குழாயில்தான் சோதனை

புகை சோதனை நிலையத்தில் என்ன செய்கிறார்கள்? பெட்ரோல் கார் என்றால் என்ஜினை ஓடவிட்டு, பின்னால் சைலன்சர் குழாய்க்குள் ஒரு கருவியை விடுகிறார்கள். வரும் புகையில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு, எரியாத ஹைட்ரோகார்பன் எவ்வளவு என்று எந்திரம் எண்ணைக் காட்டும். நம்பர் பிளேட்டைப் படம் பிடிப்பார்கள். சில நிமிடங்களில் வேலை முடிந்தது.

1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 115-வது விதியின்படி நடக்கும் சோதனை இது. பி.எஸ்.-4, பி.எஸ்.-6 கார்களுக்கு வருடம் ஒரு முறை. சர்டிபிகேட் இல்லாவிட்டால் 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். 2019-ல் சட்டத்தைத் திருத்தி இப்படிக் கடுமையாக்கினார்கள்.

ஆனால் டேங்க் மூடியை யாரும் தொட்டுப் பார்ப்பது இல்லை. டேங்கில் இருந்து என்ஜினுக்குப் போகும் ஆவிக் குழாயையும் பார்ப்பது இல்லை. சைலன்சர் வழியாக வரும் பெட்ரோல் வாசனைக்குத்தான் கணக்கு. வேறு வழியில் போனால் கணக்கில் வராது!

கரி டப்பா என்ன செய்கிறது?

பெட்ரோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். சென்னையின் மே மாத வெயிலில் கேட்கவே வேண்டாம். டேங்குக்குள் ஆவி நிரம்பி, வெளியே போக வழி தேடும்.

இந்த ஆவியைப் பிடித்து வைக்கவே காரில் ஒரு கரி டப்பா இருக்கிறது. மெக்கானிக்குகள் இதை 'கேனிஸ்டர்' என்பார்கள். உள்ளே, ஆவியை உறிஞ்சுவதற்கு என்றே தயாரித்த கரித்துகள். கார் நிற்கும்போது டேங்கில் கிளம்பும் ஆவி குழாய் வழியாக இங்கே வந்து கரியில் ஒட்டிக்கொள்ளும்.

கார் ஓடும்போது 'பர்ஜ் வால்வு' என்ற சின்ன வால்வு திறக்கும். என்ஜின் அந்த ஆவியை உறிஞ்சி எரித்துவிடும். காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல் வீண் ஆகாது. காற்றும் கெடாது.

புதிய மாடல் கார் விற்பனைக்கு வருவதற்கு முன்பு இதற்கும் சோதனை உண்டு. காற்றுப் புகாத அறைக்குள் காரை நிறுத்தி, எவ்வளவு ஆவி வெளிவருகிறது என்று அளக்கிறார்கள். பி.எஸ்.-6 காருக்கு வரம்பு ஒரு சோதனைக்கு 2 கிராம். பெட்ரோலாகச் சொன்னால் அரை டீஸ்பூன்!

கம்பெனியில் இருந்து வரும்போது அரை டீஸ்பூனுக்குக் கணக்குக் கேட்கிறார்கள். அதே கார் ஐந்து வருடம் ஓடி, மூடி வாசர் வெடித்து, ஓஸ் பைப் பிளந்து போன பிறகு ஒருவரும் கேட்பது இல்லை.

அமெரிக்காவில் விளக்கு எரியும்

இந்தக் கரி டப்பா முதலில் அமெரிக்காவில் வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1943-ல் கண் எரியும் புகைமூட்டம் சூழ்ந்தது. எரியாத பெட்ரோல் ஆவியும் வாகனப் புகையும் வெயிலில் சேர்ந்து நச்சுக்காற்று ஆகிறது என்பதை விஞ்ஞானி ஹாகன்-ஸ்மிட் 1950-களில் நிரூபித்தார்.

அதன் பிறகு 1970 மாடல் கார்களில் இருந்து கலிபோர்னியாவிலும், 1971 மாடல்களில் இருந்து நாடு முழுவதும் பெட்ரோல் ஆவியைத் தடுக்கும் அமைப்பு கட்டாயம் ஆனது.

1996 மாடல்களில் இருந்து இன்னொரு படி மேலே போனார்கள். காரே தன்னைச் சோதித்துக்கொள்ள வேண்டும். ஆவி போகும் வழியில் 1 மில்லி மீட்டர் ஓட்டை இருந்தாலும் டிரைவர் முன்னால் மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். பிறகு அதையும் அரை மில்லி மீட்டர் ஆக்கினார்கள். குண்டூசி குத்திய அளவு!

நம் நாட்டில் நாம் பின்பற்றுவது ஐரோப்பிய முறை. இங்கே காரின் கம்ப்யூட்டர் பர்ஜ் வால்வுக்குப் போகும் மின் இணைப்பைக் கவனித்தால் போதும். குழாயில் ஓட்டை விழுந்ததா என்று பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை.

"கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்தாச்சு சார், ஒண்ணும் காட்டலை" என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்வதற்குக் காரணம் இதுதான். அவர் பொய் சொல்லவில்லை. கம்ப்யூட்டருக்கே தெரியாது!

கசிவைக் காட்டும் வசதி உள்ள மாடல் என்றால் பி-0455 என்ற எண் பெரிய கசிவு. பி-0442 சிறிய கசிவு. பி-0456 மிகச் சிறிய கசிவு. பி-0457 என்றால் மூடியைப் பாருங்கள் என்று பொருள். ஆனால் எண் சொல்வது கசிவின் அளவைத்தான். ஓட்டை எங்கே என்று தேடுவது மெக்கானிக்கின் வேலை.

துப்பு துலக்குவது எப்படி?

திருட்டு வழக்கில் போலீசார் முதலில் வீட்டுக் கதவைத்தான் பார்ப்பார்கள். இதிலும் அப்படித்தான். விலை குறைந்த பொருளில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

முதல் சந்தேகம் மூடி மேல். டேங்க் மூடியைக் கழற்றி, உள்ளே உள்ள ரப்பர் வாசரை விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்பு இருக்கிறதா? கல் மாதிரி இறுகி விட்டதா? மூடி உட்காரும் விளிம்பில் துரு, மண் இருக்கிறதா? 'கிளிக்' சத்தம் கேட்கும் மூடி என்றால் அந்தச் சத்தம் வரும் வரை திருக வேண்டும். மூடி திறக்கும்போது 'புஸ்' என்று காற்று வருவது கோளாறு அல்ல. டேங்க் இறுக்கமாக இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

இரண்டாவது, ஓஸ் பைப். என்ஜின் சூட்டில் ரப்பர் காய்ந்து முனையில் பிளக்கும். எலி கடிப்பதும் உண்டு. மேல் பக்கம் நன்றாக இருக்கும். வளைவில் அடிப்பக்கம் பிளந்து இருக்கும். கையால் வளைத்துப் பார்த்தால்தான் தெரியும். 'கிளிப்' தளர்ந்து இருந்தாலும் கசியும்.

மூன்றாவது, பர்ஜ் வால்வு. என்ஜின் நின்றதும் இது மூடிக்கொள்ள வேண்டும். பைப்பைக் கழற்றிக் காற்று செலுத்திப் பார்த்தால் போகக்கூடாது. போனால் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டது என்று பொருள். வாயை வைத்து ஊதக்கூடாது, கைப்பம்பு போதும். பெட்ரோல் போட்டுவிட்டு வண்டியை எடுக்கும்போது மட்டும் 'ஸ்டார்ட்டிங் டிரபிள்' கொடுத்தால் இந்த வால்வின் மேல் சந்தேகம் வலுக்கிறது.

நான்காவது, கரி டப்பா. பங்கில் டேங்க் நிறைவதற்கு முன்பே துப்பாக்கி 'டக் டக்' என்று நின்று போகிறதா? டப்பாவின் காற்று வழி மண்ணால் அடைத்து இருக்கலாம். டப்பாவைக் கழற்றிச் சாய்த்தால் பெட்ரோலே ஒழுகுகிறதா? கரி ஊறிப் போய்விட்டது. மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

இதிலும் பிடிபடவில்லை என்றால் புகை எந்திரம் இருக்கிறது. எண்ணெய்ப் புகையைக் குறைந்த அழுத்தத்தில் ஆவிக் குழாய்க்குள் செலுத்துவார்கள். எங்கே ஓட்டையோ அங்கே வெள்ளைப் புகை நூல் மாதிரி கிளம்பும். டார்ச் லைட் அடித்தால் கையும் களவுமாக மாட்டிக்கொள்ளும்!

டயருக்குக் காற்று அடிக்கும் கம்ப்ரசரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அந்த அழுத்தம் நல்ல பைப்பையும் பிய்த்து விடும். டேங்கையும் கெடுத்து விடும்.

இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்வதால்தான் பணம் போகிறது. முதலில் கரி டப்பாவை மாற்றுவார்கள். அடுத்து வால்வு. வாசனை நிற்காது. கடைசியில் பார்த்தால் மூடி வாசர்! எனவே, ஒரு பெரிய பாகத்தை மாற்றச் சொன்னால், "ஓட்டையைக் காட்டுங்க, அப்புறம் மாத்தலாம்" என்று கேட்க வாகன ஓட்டிக்கு உரிமை உண்டு.

"ரவுண்டாப் போடுப்பா!"

கரி டப்பா கெடுவதற்குப் பாதிக் காரணம் நம் கையிலேயே இருக்கிறது.

டேங்க் நிறைந்ததும் பங்கில் துப்பாக்கி தானாக நிற்கும். மீட்டரில் 1,963 ரூபாய் என்று காட்டும். "ரவுண்டா 2 ஆயிரத்துக்குப் போடுப்பா" என்போம். பையனும் அமுக்கி அமுக்கி ஊற்றுவார்.

டேங்கின் மேல் பகுதியில் ஆவிக்கு என்று கொஞ்சம் இடம் விட்டு இருக்கிறார்கள். அந்த இடமும் நிறைந்துவிட்டால், ஆவி போகும் குழாயில் பெட்ரோலே புகுந்து கரியை நனைத்து விடும். சில்லரைப் பிரச்சினைக்குப் பயந்து டப்பாவைப் பலி கொடுக்கிறோம். ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள்காரர்களுக்கும் இது பொருந்தும். பி.எஸ்.-6 இரு சக்கர வாகனங்களிலும் பெட்ரோல் ஆவிக்கு வரம்பு உண்டு. அவற்றிலும் கரி டப்பா வைக்கிறார்கள்.

எத்தனால் கலப்பு

இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சில பழைய வாகனங்களில் 20 ஆயிரம், 30 ஆயிரம் கிலோ மீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025-ம் ஆண்டு ஆகஸ்டில் கூறியது. செலவு அதிகம் ஆகாது என்றும் சொன்னது.

செலவு குறைவுதான். ஆனால் எந்த ரப்பர் கெட்டது என்று பார்த்தால்தானே மாற்ற முடியும்? பழைய கார் வைத்து இருப்பவர்கள் அடுத்த சர்வீசில் மூடி வாசரையும் ஆவி ஓஸ் பைப்பையும் பார்க்கச் சொல்வது நல்லது.

மூடிய இடத்தில் ஆபத்து

திறந்த வெளியில் நிற்கும் கார் என்றால் ஆவி காற்றில் கலந்து விடும். அடுக்குமாடிக் கட்டடங்களின் தரைக்கு அடியில் உள்ள பார்க்கிங்கில் அப்படி இல்லை.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாமல் தரையோடு தரையாகத் தங்கும். காற்றில் நூற்றில் ஒன்றரைப் பங்கு சேர்ந்தாலே தீப்பொறி பட்டதும் பற்றிக்கொள்ளும். மோட்டார் சுவிட்ச், ஊதுவத்தியோ பீடியோ பற்ற வைக்கும் நெருப்பு எதுவும் போதும்.

இரவில் கடைக்குள்ளேயே ஸ்கூட்டரை ஏற்றி வைத்துப் பூட்டும் வியாபாரிகளும், வாசல் அறையில் வண்டி நிறுத்திப் பக்கத்திலேயே படுப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். பெட்ரோலில் 'பென்சீன்' என்ற பொருள் 1 சதவீதம் வரை இருக்கலாம். அது புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. காலையில் கதவைத் திறந்ததும் பெட்ரோல் வாசனை அடித்தால், "வண்டி இருந்தா அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது. நல்ல நிலையில் உள்ள வண்டி நிற்கும்போது வாசனை அடிக்காது. முதலில் கதவு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். பிறகுதான் சுவிட்ச்.

என்ன செய்ய வேண்டும்?

கலிபோர்னியாவில் 2007-ம் ஆண்டு இறுதியில் இருந்து, 1995 மாடல் வரையிலான பழைய கார்களுக்குப் புகை சோதனை நிலையத்திலேயே ஆவிக் கசிவு சோதனையும் செய்கிறார்கள். டேங்க் மூடியைத் தனியாகச் சோதிக்கும் கருவியும் அங்கே உண்டு.

நம் ஊரில் அவ்வளவு பெரிய கருவி வேண்டாம். ஏற்கனவே வண்டி சோதனை நிலையத்துக்கு வந்து நிற்கிறது. அதற்குப் பணமும் வாங்குகிறார்கள். மூடியைத் திறந்து வாசரைப் பார்ப்பதும், பானெட்டைத் தூக்கி ஓஸ் பைப்பைப் பார்ப்பதும் இரண்டு நிமிட வேலை. விதியில் இரண்டு வரி சேர்த்தால் போதும்.

விதி வரும்போது வரட்டும். அதுவரை நாளைக் காலையில் வண்டியை எடுக்கும் முன்பு ஒரு முறை மூக்கால் சோதித்துப் பாருங்கள். வாசனை வந்தால் டேங்க் மூடியில் இருந்து ஆரம்பியுங்கள்!