எந்த இயற்கை?
மலைநாட்டுத் தேயிலைச் சரிவுகளை இயற்கையின் கொடை என்று வியந்தெழுதும் நண்பர்களைக் கேட்கிறோம்: எந்த இயற்கை? 1840ஆம் ஆண்டுச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடுகளை முடிக்குரியவையாக்கிற்று. துரைமார் மலிவாய் வாங்கினர். சிங்களக் கிராமத்தவர் கோடரி காட்டை வீழ்த்திற்று. தமிழகத்துத் தொழிலாளர் கோப்பி பறித்தனர். 1869இல் தோன்றிய இலைநோய், ஒரே பயிர் மண்டிய மலைகளில் தடையின்றிப் பரவிக் கோப்பியை அழித்தது. அதனிடத்தைத் தேயிலை பிடித்தது. அழகை மட்டும் காண்போர் காணாதது இதுதான்: கோப்பிப் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பியவர்களை, ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் தேயிலை லயங்களிலேயே குடியிருத்திற்று. வந்துபோனோர் மலையகத்தவராயினர். அம்மக்களையே 1948இன் குடியுரிமைச் சட்டம் அந்நியராக்கிற்று! 2003இன் சட்டம் எஞ்சியோருக்கும் குடியுரிமை தந்தது. லயம் நிற்கும் காணியோ, அங்கு வாழும் பெரும்பாலோருக்கு இன்றும் சொந்தமில்லை.