கண்ணாடியில் புகார் படிந்தால் எந்த மெனு?



இந்தக் கிழமை எபிசோட்டில புதுப் போர்ஷே 911 பற்றி முக்கால் மணித்தியாலம் கதைச்சம். குதிரைவலு, சத்தம், விலை, லீசிங் எல்லாம் வந்திட்டுது. உள்ளுக்குள்ள இருக்கிற லைற்றும் ஹீற்றரும் வர நேரம் முடிஞ்சுது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். எனக்கு இந்த விஷயத்தில கொஞ்சம் கோபம் இருக்கு, அதையும் முதலே சொல்லிவிடுகிறேன்.

சுவிஸில் ஹைவேயில 120க்கு மேல ஓட ஏலாது. பூம்ப்ளிஸில வீட்டுப் பக்க ரோடுகள் 30. ஆக, 911இன்ர வேகத்தில பெரும்பகுதியை நீங்கள் காசு குடுத்து வாங்கிப் பூட்டி வைச்சிருக்கப் போறீங்கள். ஆனால் ஒக்டோபரில இருந்து மார்ச் வரைக்கும் ஒவ்வொரு நாளும் கை வைக்கிறது ஹீற்றரில. ஒவ்வொரு பின்னேரமும் கண்ணுக்கு முன்னால எரியுறது டாஷ்போர்ட் லைற். ஒரு ஸ்போர்ட்ஸ் கார் நல்லதா கூடாதா என்று நான் இப்ப முதல்ல பார்க்கிறது இந்த இரண்டையும்தான்.

911க்கு ஆரம்ப காலத்தில இருந்தே ஓர் அடையாளம் இருந்தது: டாஷ்போர்ட்டில ஐந்து வட்டம், நடுவில ஆர்.பி.எம். காட்டுற பெரிய வட்டம். 2024 மே மாதம் வந்த மொடலில் அந்த நடு வட்டத்தின் உண்மையான முள்ளும் போய், 12.6 அங்குல வளைஞ்ச ஸ்க்ரீன் வந்தது. ரசிகர்கள் ஒப்பாரி வைச்சார்கள். எனக்கு அதில பெரிய கவலை இல்லை. மீற்றர் என்பது பார்க்கிற சாமான். பார்க்கிற சாமான் ஸ்க்ரீனில இருக்கலாம். தொடுற சாமான்தான் பிரச்சினை. 911இல் வெப்பநிலைக்கும் காற்றுக்கும் இன்னும் கையால அமத்துற சுவிச் இருக்கு. அதே கொம்பனியின்ர தாய்கானில் காற்று எந்தப் பக்கம் அடிக்க வேணும் என்பதைக்கூட ஸ்க்ரீனில்தான் இழுத்து மாத்த வேணும். ஒரே ஷோரூமில பக்கத்துப் பக்கத்தில நிற்கிற இரண்டு கார். ஒன்று உங்கட கையை நம்புது, மற்றது உங்கட கண்ணைக் கேக்குது.

கண்ணைக் கேட்டால் என்ன குறைஞ்சு போகுது? இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். 2022இல் வீ பில்எகாரே என்ற சுவீடன் கார் சஞ்சிகை ஒரு விமான ஓடுபாதையில 11 புதுக் கார்களையும் ஒரு பழைய காரையும் 110 கிலோமீற்றர் வேகத்தில ஓடவிட்டு, சாரதிகளுக்கு நாலு வேலை குடுத்தது. சீற் ஹீற்றரைப் போட்டு, வெப்பநிலையை இரண்டு டிகிரி கூட்டி, முன்கண்ணாடிக்குக் காற்றை விடுறது ஒன்று. ரேடியோவில குறிப்பிட்ட சனல் பிடிக்கிறது ஒன்று. ட்ரிப் கம்பியூட்டரைப் பூச்சியத்துக்குக் கொண்டு வாறது இன்னொன்று. கடைசியாக, டாஷ்போர்ட் வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைச்சு நடு ஸ்க்ரீனை அணைக்கிறது. பாருங்கோ, நாலில இரண்டு எங்கட இன்றைய தலைப்பு.

பழைய கார் 2005ஆம் ஆண்டு வொல்வோ வி70. நாலு வேலையும் 10 செக்கனில முடிஞ்சுது, கார் போன தூரம் 306 மீற்றர். புதுக் கார்களில பி.எம்.டபிள்யூ ஐஎக்ஸ் 30.4 செக்கன், 928 மீற்றர். கடைசியாக வந்த எம்ஜி மார்வெல் ஆர் 44.9 செக்கன், 1372 மீற்றர். பூம்ப்ளிஸுக்குள்ள போற ட்ராமில அது சில நிறுத்தத் தூரம். அவ்வளவு தூரமும் சாரதியின்ர கவனம் ரோட்டுக்கும் ஸ்க்ரீனுக்கும் இடையில பங்கு போயிருக்கு. அதுவும் அந்த ஆக்களுக்கு ஓடுறதுக்கு முதல் காரைப் பழகிக்கொள்ள நேரம் குடுத்திருந்தார்கள்.

அந்த வொல்வோவில மாயம் ஒன்றுமில்லை. எங்கட அப்பாமார் வைச்சிருந்த பழைய ரொயோட்டாக்களிலயும் அதுதான் இருந்தது: மூன்று திருகு பட்டன். ஒன்று நீலத்தில இருந்து சிவப்புக்கு, ஒன்று காற்றின் வேகம், ஒன்று காலா முகமா கண்ணாடியா என்று. இரவு ரெஸ்டோரன்ட் வேலை முடிச்சு நித்திரைக் களையோட வாற மனிசன், கண்ணை ரோட்டில வைச்சபடி கையால தடவியே காரைச் சூடாக்கினார். மஸ்தா எம்எக்ஸ்-5 என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரில அந்த மூன்று வட்டமும் இன்னும் இருக்கு. அதைப் பழசு என்று சொல்லுற ஆக்களோட எனக்கு ஒத்துப்போகாது.

லைற்றும் ஹீற்றரும் ஒரே இடத்தில கோட்டை விட்ட கதை வேணுமெண்டால் எட்டாவது வொல்க்ஸ்வாகன் கோல்ஃப். 2019இல் வந்தது. வெப்பநிலையையும் வொலியூமையும் கூட்டிக் குறைக்க ஸ்க்ரீனுக்குக் கீழ விரலால தடவுற ஒரு பட்டி. அதுக்குள்ள லைற் இல்லை! இரவில ஹீற்றரைக் கூட்ட இருட்டில தடவ வேணும், தடவினால் கைக்கு எந்தத் தடயமும் இல்லை, ஏனெண்டால் அது வழுவழு கண்ணாடி. ஸ்போர்ட் ரகமான ஜிடிஐயிலயும் இதே பட்டிதான். 2024இல் புதுப்பிச்ச மொடலில்தான் அந்தப் பட்டிக்கு வெளிச்சம் வந்தது. பிறகு வொலியூம், ஹீற்றர், காத்தாடி எல்லாத்துக்கும் இனி உண்மையான பட்டன்தான் என்று அந்தக் கொம்பனியே அறிவிச்சிட்டுது.

கொம்பனிகள் ஏன் இப்பிடிச் செய்யுது என்பது இரகசியமில்லை. ஒரு ஸ்க்ரீன் வைச்சால் முப்பது பட்டனும் அதுக்கான வயரும் அச்சும் தேவையில்லை. இன்னொரு லாபமும் இருக்கு. பி.எம்.டபிள்யூ 2022இல் சில நாடுகளில சீற் ஹீற்றரை மாதச் சந்தாவுக்கு விற்கப் பார்த்தது. காரில ஹீற்றர் இருக்கு, காசு கட்டினால்தான் சூடாகும். சனம் கத்தின கத்தில அடுத்த வருஷம் கைவிட்டார்கள். திருகு பட்டனுக்குச் சந்தா கேக்கேலாது என்பதை நினைவில வைச்சிருங்கோ.

இனி விஷயத்தின்ர நடுவுக்கு வாறேன். கலியாண சீசன். ஒரு நாளுக்கு வாடகைக்கு எடுத்த ஸ்போர்ட்ஸ் கார், தைப் பூவும் ரிப்பனும் கட்டின நாள் முடிஞ்சு, இரவு மண்டபத்தில இருந்து திரும்புது. ஓடுறது மாப்பிள்ளைத் தோழன். இந்தக் காரை வாழ்க்கையில முதல் தரம் ஓடுறான். உள்ளுக்குள்ள நாலு பேர், நனைஞ்ச கோட், சப்பாத்தில ஒட்டின பனி, நாலு பேரின்ர மூச்சு. இரண்டாவது சந்தியில முன்கண்ணாடி முழுக்கப் புகார். இப்ப எந்த மெனு?

புகார் ஏன் படியுது என்று தெரிஞ்சால் இது எவ்வளவு அவசரம் என்று விளங்கும். உள்ளுக்குள்ள இருக்கிற ஈரமான சூட்டுக் காற்று குளிர்ந்த கண்ணாடியில பட்டுத் தண்ணியாகுது. அதைப் போக்கச் சூடு மட்டும் போதாது, காற்று காய வேணும். அதுக்குத்தான் ஏசி. ஏசி காற்றை முதல்ல குளிராக்கி அதில இருக்கிற தண்ணியைக் கீழ வடிய விடும், பிறகு ஹீற்றர் அதே காற்றைச் சூடாக்கிக் கண்ணாடிக்கு அனுப்பும். ஏசி வெயில் காலத்துக்கு மட்டும் என்று நினைக்கிற ஆக்கள் எங்கட சனத்தில நிறைய. மாரியில ஏசியும் ஹீற்றரும் சேர்த்துப் போட வேணும், காற்றை உள்ளுக்குள்ளேயே சுத்த விடுற பட்டனை நிற்பாட்ட வேணும். முந்தி இதுக்கு ஒரே பட்டன் இருந்தது, விசிறி மாதிரிக் கண்ணாடிப் படம் போட்டது.

கோத்தார்ட் சுரங்கத்துக்குள்ள போன ஆக்களுக்கு இன்னொரு வகைப் புகாரும் தெரியும். 1980இல் திறந்த, 16.9 கிலோமீற்றர் நீளமான, இரண்டு பக்க வாகனமும் ஒரே குழாய்க்குள்ள போற ரோடு அது. மாரியில வெளிய உறைஞ்ச கண்ணாடியோட உள்ள நுழைஞ்சால், சுரங்கத்தின்ர சூடான ஈரக் காற்று கண்ணாடியின்ர வெளிப்பக்கம் ஒரு கணத்தில படியும். இதுக்கு வைப்பர்தான் மருந்து. உள்ளுக்குள்ள புகார் என்றால் காற்று, வெளிய என்றால் வைப்பர். எதிர்ப் பக்கத்தில லொறி வருது. 80இல் போனால் ஒரு செக்கனுக்கு 22 மீற்றர். இந்த இரண்டு வேலையும் கண்ணை எடுக்காமல் செய்ய முடியாத காரை, எவ்வளவு குதிரைவலு இருந்தாலும், வேகமான கார் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

குரலால சொல்லலாமே என்று கேப்பீங்கள். எங்கட வாயில வாற பேர்ண் டொச்சை முதல் தரத்திலேயே விளங்கிக்கொண்ட கார் ஒன்றை நான் இன்னும் காணேல்லை.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்குது. ஜெர்மனியில ஒரு டெஸ்லா சாரதி கடும் மழையில வைப்பரின் வேகத்தை ஸ்க்ரீனில மாத்தப் போய், ரோட்டை விட்டு விலகி மரங்களில மோதினார். 2020இல் கார்ல்ஸ்ரூஹ உயர் நீதிமன்றம் அவருக்கு 200 யூரோ தண்டமும் ஒரு மாத ஓட்டத் தடையும் விதிச்சதை உறுதி செய்தது. ஸ்க்ரீன் காரோட வந்தது என்பது சாட்டு இல்லை என்றது. இங்கேயும் ஓடுறதுக்கு இடைஞ்சலான எந்த வேலையும் சாரதி செய்யக் கூடாது என்பது விதி. உங்களில பலருக்கு லைசன்ஸ் இன்னும் மூன்று வருஷப் பரீட்சைக் காலத்தில. டிசைனர் பட்டனை ஒளிச்சு வைச்சதுக்கு, பொலிஸ் டிசைனரைத் தேடிப் போகாது.

இனி டாஷ்போர்ட் லைற். கண் இருட்டுக்கு நல்லாப் பழக இருபது முப்பது நிமிஷம் எடுக்கும். ஒரு வெள்ளை ஸ்க்ரீன் அதைச் சில செக்கனில கெடுக்கும். சிவப்பு அவ்வளவு கெடுக்காது, அதனால்தான் பி.எம்.டபிள்யூ எத்தனையோ வருஷமாகச் செம்மஞ்சள் வெளிச்சம் வைச்சிருந்தது. எனக்குப் பிடிச்சது 1990களின் ஸாப். விமானமும் செய்த சுவீடன் கொம்பனி. ஒரு பட்டனை அமத்தினால் வேகமானி மட்டும், அதுவும் 140 வரைக்கும்தான், வெளிச்சமாக இருக்கும். மற்றதெல்லாம் இருட்டு. பெற்றோல் குறைஞ்சால் அந்த மீற்றர் தானாக எழும்பும். தேவையில்லாத நேரம் வாயை மூடிக்கொண்டிருக்கிற டாஷ்போர்ட்.

இப்ப மேர்சிடிஸில 64 நிறம். அதில ஒரு வேலை எனக்குப் பிடிக்கும்: சூட்டைக் கூட்டினால் லைற் ஒரு கணம் சிவப்பாகும், குறைச்சால் நீலமாகும். பார்க்காமலே கட்டளை போய்ச் சேர்ந்தது தெரியும். ஆனால் டிக்டொக் வீடியோவுக்கு வடிவாக இருக்கிற ஊதா வெளிச்சம், இரவு ஃப்ரிபோர்க் பக்கம் ஏ12இல் போகேக்க பக்கக் கண்ணாடியில தெறிச்சு, சைட் மிரருக்கு மேல ஒரு திரை போடும்.

இன்னொன்று இதைவிடப் பெரிசு. முந்தி ஹெட்லைற் போடாட்டில் மீற்றரும் இருட்டு. லைற் போட மறந்தது உடனே தெரியும். ஸ்க்ரீன் எப்பவும் எரியும். முன்னால பகல் லைற்றும் எரியும், சுவிஸில அது 2014இல் இருந்து கட்டாயம். ஆனால் பல கார்களில பகல் லைற்றோட பின்லைற் எரியாது. நவம்பர் பனிப்புகாரில, பகல் வெளிச்சம் இருக்கிறதால ஓட்டோமேட்டிக் சென்சரும் பேசாமல் இருக்கும். உள்ளுக்குள்ள தீபாவளி, பின்பக்கம் அமாவாசை. கனடா இதைச் சட்டத்தில பிடிச்சிட்டுது: 2021 செப்டெம்பரில இருந்து புதுக் கார்களில ஒன்றில் பின்லைற்றும் சேர்ந்து எரிய வேணும், இல்லாட்டில் இருட்டினதும் எல்லா லைற்றும் தானாக வர வேணும், அதுவும் இல்லாட்டில் லைற் போடுமட்டும் டாஷ்போர்ட் இருட்டாக இருக்க வேணும். ரொறன்ரோவில இருக்கிற மச்சான்மாருக்குக் கிடைச்சது எங்களுக்கும் வேணும்.

மென்பொருளில நல்லதே இல்லை என்று நான் சொல்ல வரேல்லை. இந்த நாட்டில காலமை எஞ்சினை ஓடவிட்டு நின்று காரைச் சூடாக்கக் கூடாது, கண்ணாடியில ஒரு ஓட்டை மட்டும் சுரண்டிப்போட்டு ஓடினால் லைசன்ஸே போகும். மின்சாரக் காரை வீட்டுக்குள்ள தேத்தண்ணி குடிச்சபடி அப்பில சூடாக்கலாம். அது உண்மையான வசதி. கார் நிற்கேக்க ஸ்க்ரீன் அரசன்.

யூரோ என்கேப் 2024இல் சொன்னது: 2026இல் இருந்து முழு ஐந்து நட்சத்திரம் வேணுமெண்டால் சிக்னல், அவசர லைற், ஹோர்ன், வைப்பர், எஸ்ஓஎஸ் ஐந்துக்கும் உண்மையான கட்டுப்பாடு இருக்க வேணும். அந்த ஐந்தில கண்ணாடிப் புகார் இல்லை, டாஷ்போர்ட் வெளிச்சமும் இல்லை. வெயில் நாட்டு ஆக்கள் எழுதின பட்டியல் மாதிரி இருக்கு. ஆறாவதும் ஏழாவதும் அவைதான் என்பது என்ர வாதம்.

சட்டம் வரும்வரைக்கும் ஷோரூமில நீங்கள்தான் சட்டம். சனிக்கிழமை மத்தியானம் டெஸ்ட் ட்ரைவ் எடுக்காதீங்கோ. டிசம்பரில பின்னேரம் ஐந்துக்கே இருட்டு, அந்த நேரத்தைக் கேளுங்கோ. நாலு சிநேகிதரை ஈரக் கோட்டோட ஏத்துங்கோ. கார் நிற்கேக்கயே கண்ணை மூடிக்கொண்டு முன்கண்ணாடிக்குக் காற்றை விட்டுப் பாருங்கோ, பிறகு டாஷ்போர்ட் வெளிச்சத்தைக் குறைச்சுப் பாருங்கோ. இரண்டுக்கும் எத்தனை செக்கன், எந்தக் கார் என்று எங்களுக்கு எழுதி அனுப்புங்கோ. அடுத்த எபிசோட்டில வாசிக்கிறம். வாடகைக் கார் என்றால் அதையும் போடுங்கோ.