பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

இங்கிலாந்தில் பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒருவன் லைசென்ஸ் வாங்கி, பகுதிநேர வேலையில் சேர்த்த காசோடு செகண்ட் ஹேண்ட் மாஸ்டா எம்.எக்ஸ்-5 ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து வீட்டில் சொன்னால், என்ன பதில் வரும் என்பது அவனுக்கு முன்பே தெரியும். "ரியர் வீல் டிரைவா? வேண்டவே வேண்டாம். மழை பெய்தால் அப்படியே சுற்றிவிடும். முன்சக்கரம் இழுக்கிற வண்டியாகப் பார்த்து வாங்கு, அதுதான் பாதுகாப்பு." அப்பா சொல்வார். அப்பாவின் நண்பர் சொல்வார். பட்டறையில் கேட்டால் மெக்கானிக்கும் தலையை ஆட்டுவார். ஸ்போர்ட்ஸ் காரின் மேல் ஆசைப்படும் இளைஞர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக ஓதப்படும் இந்த அறிவுரை தவறு. இளைஞர்களின் உயிரை உண்மையில் எடுக்கும் காரணங்களிலிருந்து குடும்பத்தின் கண்ணை அது வேறு பக்கம் திருப்பிவிடுகிறது. அதனால்தான் இதை வெறும் தவறு என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

அதில் இருக்கும் உண்மையை முதலில் ஒப்புக்கொள்வோம். ஒரு டயருக்குச் சாலையில் கிடைக்கும் பிடிமானம் மாதச் சம்பளம் மாதிரி. வாடகைக்கு அதிகம் போனால் அரிசிக்குக் குறையும். வளைவில் திரும்பவும் அதே பிடிமானம்தான் செலவாகிறது, வேகமெடுக்கவும் அதேதான். பின்சக்கரம் தள்ளும் வண்டியில், ஈரமான வளைவின் நடுவே ஆக்சிலேட்டரை அளவுக்கு மீறி மிதித்தால் பின்டயர்களின் பிடிமானம் முழுவதும் வேகத்துக்கே போய்விடும். பக்கவாட்டில் வண்டியைத் தாங்க ஒன்றும் மிஞ்சாது. பின்பக்கம் அலசும், சுதாரிக்காவிட்டால் வண்டி சுற்றும். இதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் இது நடக்க மூன்று சேர வேண்டும்: வழுக்கும் தரை, டயரின் சக்தியை மீறும் எஞ்சின், அளவு தெரியாத கால். இந்த மூன்றையும் விட்டுவிட்டு எந்தச் சக்கரம் வண்டியை இயக்குகிறது என்பதன் மேல் மட்டும் பழி போடுவதைத்தான் மறுக்கிறேன்.

முன்சக்கர இயக்கம் சுற்றாது என்று நம்புகிறவர்கள் 1984-இல் வந்த பெஜோ 205 ஜி.டி.ஐ.யை ஓட்டியவர்களிடம் பேசிப் பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் ஒரு தலைமுறை இளைஞர்கள் கொண்டாடிய கார் அது, முழுக்க முன்சக்கர இயக்கம். வளைவுக்குள் வேகமாகப் புகுந்து, பயந்துபோய், ஆக்சிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் எடை முழுவதும் முன்பக்கம் சாயும், பின்டயர்கள் லேசாகும், பின்பக்கம் விலகி ஓடும். வேலிக்குள் பின்பக்கமாகப் போய் நின்ற 205-கள் ஏராளம். பயந்த புதியவர் முதலில் செய்வது காலை எடுப்பதுதான் என்பதை யோசித்துப் பாருங்கள். தைரியசாலியின் தப்பைவிடப் பயந்தவரின் தப்பைத்தான் அந்தக் கார் கடுமையாகத் தண்டித்தது.

1997-இல் ஸ்வீடன் நாட்டுக் கார் இதழ் ஒன்று, சாலையில் திடீரென்று குறுக்கே வரும் மானைத் தவிர்ப்பதுபோல வளைத்து ஓட்டும் சோதனையில் புது மெர்சிடிஸ் ஏ-கிளாஸைக் கவிழ்த்தது. குடும்பத்துக்கென்று செய்த, முன்சக்கரம் இழுக்கும் சின்னக் கார். அந்த அவமானத்துக்குப் பிறகு மெர்சிடிஸ் சஸ்பென்ஷனை மாற்றி, இ.எஸ்.பி. என்னும் நிலைப்புக் கட்டுப்பாட்டை எல்லா ஏ-கிளாஸிலும் பொருத்தியது. அடுத்து ஆடி டி.டி. ஜெர்மனியின் ஆட்டோபானில் அதிவேகத்தில் தடம் மாறும்போது நிலைகுலைந்து உயிர்கள் போயின. நிறுவனம் கார்களைத் திரும்ப அழைத்து, பின்னால் ஸ்பாய்லரும் இ.எஸ்.பி.யும் சேர்த்தது. டி.டி. முன்சக்கர இயக்கத்திலும் நான்கு சக்கர இயக்கத்திலும் மட்டுமே விற்பனைக்கு வந்த கார். இவற்றைச் சொல்லி 'முன்சக்கரம் ஆபத்து' என்று யாராவது பேசினால் சிரிப்பார்கள். சிரிப்பது நியாயம்தான், ஏனென்றால் காரணம் சஸ்பென்ஷனிலும் காற்றியக்கத்திலும் இருந்தது. பின்சக்கர வண்டிக்கு மட்டும் அதே நியாயத்தை ஏன் மறுக்கிறோம்?

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்த கதைதான். 1965-இல் கார் பாதுகாப்புக்காக வாதாடிய ரால்ஃப் நாடர் எழுதிய புத்தகம் அமெரிக்காவின் செவர்லே கோர்வேரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. எஞ்சின் பின்னால், 1964 வரை வந்த மாடல்களில் பின்சக்கரங்கள் ஊஞ்சல்போல் மடங்கி ஆடும் அச்சு. வளைவில் அந்தச் சக்கரம் உள்பக்கம் மடங்கினால் பிடிமானம் ஒரேயடியாகப் போய்விடும். பத்தாண்டு கழித்து 1975-இல் போர்ஷே 911 டர்போ வந்தது: 260 குதிரைத்திறன், பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும் எஞ்சின், மிதித்த பிறகு சற்றுத் தாமதித்து ஒரேயடியாகப் பாயும் டர்போ. அது மனைவிகளை விதவையாக்கும் கார் என்று பெயரெடுத்தது. இந்த இரண்டு கார்களிலும் கோளாறு எடை உட்கார்ந்த இடத்திலும், அச்சின் அமைப்பிலும், சக்தி வந்துசேரும் விதத்திலும் இருந்தது. அந்தக் கார்களைக் கண்ணால் பார்த்திராதவர்களிடம்கூட அவற்றின் பயம் மட்டும் வந்து சேர்ந்து, முன்னால் எஞ்சின் வைத்த சாதுவான சின்ன ஸ்போர்ட்ஸ் கார்களின் மேலும் விழுந்துவிட்டது.

பிரிட்டனில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. யாழ்ப்பாணத்துத் தெருக்களில் ஓடிய மாரிஸ் மைனரும் ஆஸ்டினும் பின்சக்கர வண்டிகள். சென்னையின் அம்பாசடரும் பத்மினியும் அப்படித்தான். 2019 வரை தயாரான மாருதி ஆம்னியும் அதே இனம். தாத்தாவும் அப்பாவும் மாமாவும் ஸ்டீயரிங் பிடிக்கப் பழகியது இவற்றில்தான். ஐப்பசி மழையிலும் ஓட்டினார்கள். 'பின்சக்கரம் சுற்றும்' என்று யாரும் பயமுறுத்தவில்லை. பழைய அம்பாசடரின் 1,489 சிசி எஞ்சினுக்கு ஐம்பது குதிரைத்திறனை ஒட்டித்தான் சக்தி. டயரின் பிடிமானத்தை மீற அந்த எஞ்சினால் எளிதில் முடியாது. ஆபத்தை அளக்க வேண்டிய இடம் எது என்பதை அந்த வண்டிகளே காட்டிவிட்டன.

எம்.எக்ஸ்-5-ஐ அந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான முதல் தலைமுறைக் காரில் 1.6 லிட்டர் எஞ்சின், ஏறக்குறைய 115 குதிரைத்திறன், ஒரு டன்னுக்கும் குறைவான எடை. எஞ்சினை முன் அச்சுக்குப் பின்னே தள்ளி வைத்ததால் எடை முன்னும் பின்னும் கிட்டத்தட்டச் சரிபாதி. இப்படி ஒரு வண்டி ஓட்டுநரிடம் எதையும் மறைக்காது. டயர் களைக்கத் தொடங்குவது ஸ்டீயரிங்கில் கைக்குத் தெரியும், இருக்கையில் இடுப்புக்குத் தெரியும். அதுவும் சட்டப்படியான வேகத்திலேயே தெரியும். அதே காசுக்கு 'பாதுகாப்பான முன்சக்கர வண்டி' என்று சொல்லி வாங்கித் தரப்படும் பழைய ஃபோர்டு ஃபோகஸ் எஸ்.டி.யின் சக்தி 225 குதிரைத்திறன், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அது எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதே உள்ளே இருப்பவருக்கு உறைக்காது. பிள்ளையின் கையில் இதைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கும் பெற்றோரை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

எல்லை மெதுவான வேகத்திலேயே தெரிய வேண்டும் என்பதை டொயோட்டா புரிந்துகொண்டிருந்தது. 2012-இல் வந்த ஜி.டி.86 என்னும் பின்சக்கர ஸ்போர்ட்ஸ் காருக்கு 200 குதிரைத்திறன். அதற்கு அந்த நிறுவனம் போட்டது பிரியஸ் காருக்குக் கொடுத்த அதே வகை மிஷ்லன் டயர். பிடிமானத்தின் எல்லை தாழ்வாக, மெதுவான வேகத்திலேயே வர வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே செய்த முடிவு. எல்லை எவ்வளவு குறைந்த வேகத்தில் தெரிகிறதோ, தப்பு செய்தவர் திருத்திக்கொள்ள அவ்வளவு அவகாசம் கிடைக்கும்.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. 'ரியர் வீல் டிரைவ் ஓட்டினால்தான் ஆம்பளை, எம்.எக்ஸ்-5 பெண்களுக்கான கார்' என்று சொல்லிப் பத்தொன்பது வயதுக்காரனை நிசான் 350இசட் பக்கமோ பி.எம்.டபிள்யூ எம்3 பக்கமோ தள்ளிவிடுகிறவர்கள். 350இசட்டின் 3.5 லிட்டர் எஞ்சினின் சக்தி 276 குதிரைத்திறனுக்குக் குறையாது. வாங்கிய முதல் மழையிலேயே நிலைப்புக் கட்டுப்பாட்டை அணைத்துவிட்டு ரவுண்டானாவில் பின்பக்கத்தை ஆட்டிப் பார்க்கச் சொல்வதும் இவர்கள்தான். பயப்படுகிறவரும் பெருமையடிக்கிறவரும் ஒரே மூடநம்பிக்கையின் இரண்டு பக்கம். இருவருமே பின்சக்கரத்துக்கு ஒரு மந்திர சக்தி இருப்பதாக நினைக்கிறார்கள்.

சறுக்கலைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டால் ஆபத்து தீர்ந்துவிடும் என்பதும் உண்மையல்ல. நார்வேயில் 1980-களில் புதிய ஓட்டுநர்களுக்குச் சறுக்கு தரைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சி பெற்ற இளம் ஆண்களுக்கு வழுக்கும் சாலை விபத்துகள் குறையவில்லை, கூடின. 'எனக்குத்தான் தெரியுமே' என்ற எண்ணம் காலை இன்னும் கொஞ்சம் அழுத்த வைத்தது. ஆகவே எம்.எக்ஸ்-5 பிள்ளையைப் பந்தய வீரனாக்கும் என்று நான் சொல்லவில்லை. எல்லை நெருங்குவதை முன்கூட்டியே உணர்ந்து காலைத் தளர்த்தும் பழக்கத்தை அது தரும். எனக்கு அது போதும்.

இந்தக் காருக்கு எதிராகச் சொல்லத்தக்க நேர்மையான வாதம் ஒன்று உண்டு. அதைப் பெற்றோர் யாரும் சொல்வதில்லை. சின்ன, லேசான, பழைய கார் மோதினால் உள்ளே இருப்பவருக்கு அடி அதிகம். அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் நிதியில் இயங்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிலையம் இளம் ஓட்டுநர்களுக்குச் சின்னக் கார் வேண்டாம், அதிகக் குதிரைத்திறன் வேண்டாம், நிலைப்புக் கட்டுப்பாடு கட்டாயம் வேண்டும் என்கிறது. தனி வாகன உயிரிழப்பு விபத்துகளை அந்தக் கட்டுப்பாடு ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது என்பது அவர்களின் ஆய்வு முடிவு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பருக்குப் பின் விற்ற எல்லாப் புதிய கார்களிலும் அது உண்டு. அப்பா உண்மையிலேயே கவலைப்பட்டால் கேட்க வேண்டியது இதைத்தான்: "முப்பது வருஷப் பழசு வேண்டாம், காசு கொஞ்சம் கூடச் சேரட்டும், இ.எஸ்.பி. உள்ளதாகப் பார்." அந்தப் பேச்சை நான் கைகூப்பி வரவேற்பேன்.

இன்னொன்று. இளைஞர் ஓட்டும் வண்டியில் அதே வயது நண்பர்கள் ஏறஏற உயிரிழப்பு ஆபத்தும் ஏறுகிறது என்பது பல நாட்டு ஆய்வுகள் கண்ட உண்மை. 1987-இல் நியூசிலாந்து படிப்படியான லைசென்ஸ் முறையைக் கொண்டுவந்தபோது இரவு ஓட்டத்துக்கும் உடன் வருவோருக்கும் கட்டுப்பாடு வைத்தது. எம்.எக்ஸ்-5-இல் இருப்பது இரண்டே இருக்கை. சனிக்கிழமை இரவு நான்கு நண்பர்களை ஏற்றிக்கொண்டு போக அதில் இடமே இல்லை. 'பாதுகாப்பான' ஹாட்ச்பேக்கில் இருக்கிறது.

இனி டயருக்கு வருகிறேன். என் கோபம் எல்லாம் இங்கேதான். இந்த மாதிரி கார்கள் பெரும்பாலும் வெயில் நாளில் மட்டும் வெளியே எடுக்கப்பட்டவை. ஓட்டம் குறைவு, அதனால் டயர் தேயாமல் பார்க்க அழகாக இருக்கும். உள்ளே ரப்பர் இறுகிக் கல்லாகியிருக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள டி.ஓ.டி. குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் வயதைச் சொல்லும். 2311 என்றிருந்தால் 2011-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. பிரிட்டனில் 2021 முதல் லாரி, பஸ் முன்சக்கரங்களில் பத்து வயது தாண்டிய டயர் போடக் கூடாது. கார்களுக்கு அந்தத் தடை இல்லை. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர் இருந்தால் சட்டம் விட்டுவிடும். புது டயருக்கு அது 8-ஐ ஒட்டி இருக்கும். முன்னால் ஒரு கம்பெனி, பின்னால் விலை மலிந்த வேறொன்று என்று கலந்து கட்டிய டயர்களோடு மழையில் போய்ச் சுற்றிய காரைக் காட்டி, 'பார்த்தாயா, ரியர் வீல் டிரைவ்' என்கிறார்கள். அந்த டயரை யாரும் குனிந்து பார்த்ததில்லை. முன்சக்கர வண்டிக்காரர்களோ, இழுப்பது முன்சக்கரம்தானே என்று இரண்டு புது டயரையும் முன்னால் போட்டுக்கொண்டு, தேய்ந்ததைப் பின்னால் தள்ளிவிடுகிறார்கள். டயர் கம்பெனிகளே புதியதைப் பின்னால் போடுங்கள் என்கின்றன, எந்தச் சக்கரம் வண்டியை இயக்கினாலும் சரி. பின்பக்கம் போனால்தான் வண்டி சுற்றும்.

ஆகவே பார்க்கப் போகும்போது அப்பாவும் கூடப் போகட்டும். டார்ச் எடுத்துக்கொள்ளட்டும். கதவுக்குக் கீழே ஓடும் தகட்டில், பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள மூலையை அழுத்திப் பார்க்கட்டும். மேற்கூரைத் துணியின் வடிகால் ஓட்டை அடைத்துத் தண்ணீர் தங்கி அங்கேதான் துரு தின்னும். எம்.ஓ.டி. என்னும் வருடாந்தரச் சோதனையின் பழைய பதிவுகளை அரசு இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். துரு என்று எந்த வருஷம் முதலில் எழுதினார்கள் என்பது அதில் இருக்கும். விலை பேசும்போது நான்கு புது டயரின் காசையும் வீல் அலைன்மென்ட் காசையும் முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்துக்குத்தான் பேரம் பேச வேண்டும்.