இணைவு உலை: கெடுவில் நேர்மை வேண்டும்

பிரான்சின் தெற்கே கடராஷில் இந்தியா உட்பட ஏழு தரப்புகள் சேர்ந்து கட்டிவரும் ‘இட்டர்’ அணுக்கரு இணைவு உலைக்கு இதுவரை எத்தனை கெடுக்கள்! 2006-இல் ஒப்பந்தம் கையெழுத்தானபோது 2016-இல் முதல் பிளாஸ்மா என்றார்கள். அடுத்து 2019 என்றார்கள், பிறகு 2025 என்றார்கள். 2024 ஜூலையில் வெளியான புதிய திட்டப்படி ஆய்வுகள் தொடங்குவதே 2034-இல்தான். டியூட்டீரியம்-டிரிட்டியம் எரிபொருளுடன் உலை இயங்க 2039 ஆகும். இந்தத் தள்ளிவைப்புக்காக மட்டும் கூடுதலாக 500 கோடி யூரோ தேவை என்கிறார்கள். தொடக்கத்தில் மொத்தக் கட்டுமானத்துக்கும் சொல்லப்பட்ட செலவே ஏறத்தாழ அவ்வளவுதான்.

15 கோடி டிகிரி வெப்பத்தில் கொதிக்கும் பிளாஸ்மாவுக்குச் சில மீட்டர் தள்ளியே மைனஸ் 269 டிகிரியில் மீகடத்திக் காந்தங்கள் இருக்க வேண்டும். இதுவரை எவரும் இந்த அளவில் கட்டியிராத இயந்திரம் இது, தாமதமாவதில் வியப்பில்லை. ஆனால், தாமதமாகும் என்று தெரிந்தே அதற்கு நாளும் பணமும் ஒதுக்காமல் கெடு குறித்ததை அறிவியலின் தலையில் கட்ட முடியாது. அது நிர்வாகத்தின் பிழை.

பிளாஸ்மாவைச் சூழும் வெற்றிடக் கலனையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 440 டன் எடையுள்ள ஒன்பது துண்டுகள். ஐந்தை ஐரோப்பாவும் நான்கைத் தென்கொரியாவும் செய்வதென ஏற்பாடு. சுவருக்குள் பொருத்தும் கவசத் தகடுகள் இந்தியாவிலிருந்து போயின. கொரியாவிலிருந்து வந்த முதல் துண்டுகளின் விளிம்புகள் வரைபட அளவுக்குச் சற்றுப் பிசகியிருந்தன. மில்லிமீட்டர் கணக்கில் பிசகினாலும் தானியங்கி வெல்டிங் கருவி வேலை செய்யாது. போதாக்குறைக்கு, வெப்பக் கவசத்தில் வெல்டிங் செய்த குளிர்விப்புக் குழாய்களில், தங்கிப்போன குளோரின் எச்சத்தால் விரிசல்கள் கண்டன. ஏறத்தாழ 23 கி.மீ. குழாயை மாற்ற வேண்டிவந்தது. 2022 ஜனவரியில் பிரான்சின் அணுப் பாதுகாப்பு ஆணையம் கலனைப் பற்றவைக்கும் கட்டத்துக்கு அனுமதி மறுத்து, கூடுதல் விளக்கம் கேட்டது. அதன் பிறகும் 2022 மே மாதம் ஒரு துண்டை உலைக் குழிக்குள் இறக்கினார்கள். அடுத்த ஆண்டே அதை வெளியே தூக்கிப் பழுதுபார்க்க வேண்டியதாயிற்று. ஆலையிலேயே கண்டுபிடித்திருந்தால் சில மாதங்களில் முடிந்திருக்கும் வேலை, உலைக் குழிவரை வந்து ஆண்டுகளைத் தின்றது.

இதற்கு மாற்றுவழியும் கண்முன் இருக்கிறது. ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் உள்ள வெண்டெல்ஸ்டைன் 7-எக்ஸ் என்ற இணைவு ஆய்வுக் கருவியும் ஒரு கட்டத்தில் கைவிடப்படும் நிலைக்குப் போனதுதான். நிர்வாகத்தை மாற்றியமைத்து, இடைவெளி விட்டுப் புதிய கால அட்டவணை போட்டார்கள். 70 காந்தச் சுருள்களும் பொருத்தப்படுவதற்கு முன்பே குளிர்நிலையில் சோதிக்கப்பட்டன. 2015 டிசம்பரில் அங்கே பிளாஸ்மா உருவானது. இட்டரோ, காந்தங்களைக் குளிர்நிலையில் சோதிக்கும் வசதியை 2024-இன் புதிய திட்டத்தில்தான் சேர்த்தது.

கெடுவை இறுக்கிச் சொல்லாவிட்டால் அரசுகள் பணம் தராது என்று வாதிடுவோர் உண்டு. அப்படி வாங்கிய பணம் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் பிரின்ஸ்டன் சாட்சி. அங்கே என்சிஎஸ்எக்ஸ் என்ற இணைவு ஆய்வுக் கருவிக்கு 10.2 கோடி டாலர் என்று கணக்குச் சொன்னார்கள். நுணுக்கமான அளவுகளில் பாகங்களைச் செய்து பொருத்தும் சிரமம் அந்தக் கணக்கில் அடங்கவில்லை. செலவு ஏறிக்கொண்டே போக, 2008 மே மாதம் அமெரிக்க எரிசக்தித் துறை திட்டத்தையே ரத்து செய்தது. குறைத்துச் சொன்ன தொகையால் கருவி கிடைக்கவில்லை, செலவழித்த பணமும் வீணானது.

இட்டரின் இன்னொரு கோளாறு அதன் அமைப்பிலேயே உள்ளது. உறுப்பு நாடுகள் பெரும்பாலும் பணத்துக்குப் பதில் பாகங்களையே தருகின்றன. வடிவமைப்பில் ஒரு மாற்றம் வந்தால் கூடுதல் செலவு யார் தலையில் என்ற இழுபறியிலேயே மாதங்கள் கரைந்தன. 2015-இல் இட்டரின் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்ற பெர்னார் பிகோ இதற்கென ஒரு சேம நிதியை ஏற்படுத்திய பிறகுதான் முடிவுகள் வேகம் பிடித்தன. அந்த நிதி ஒப்பந்த நாளிலேயே இருந்திருக்க வேண்டும்.

கட்டுமானச் செலவில் இந்தியாவின் பங்கு சுமார் 9 சதவீதம். ஹசீராவில் எல் அண்ட் டி செய்த 3,850 டன் கிரையோஸ்டாட் (உலையைச் சூழும் குளிர்காப்புக் கலன்), நம் பொறியாளர்களின் திறனுக்கு அத்தாட்சி. துண்டுகளாக அனுப்பி, உலை வளாகத்திலேயே பணிமனை அமைத்து இணைத்தார்கள். அதன் அடித்தளம் 2020 மே மாதம் குழியில் இறங்கியது. இந்தத் தகுதியோடு இட்டர் பேரவையில் இந்தியா உரத்துப் பேச வேண்டும். மீதமுள்ள வேலைகளுக்கு எத்தனை மாதமும் எவ்வளவு பணமும் சேமமாக ஒதுக்கப்பட்டுள்ளன, அவற்றில் எவ்வளவு கரைந்தது என்பதை ஆண்டுதோறும் பகிரங்கமாக வெளியிடச் சொல்ல வேண்டும். நம் பங்குத் தொகையையும் காலதாமதமின்றிச் செலுத்த வேண்டும்.

காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் நாளை நம் சொந்த இணைவு உலைக்குத் திட்டம் தீட்டும்போதும் இதே விதி பொருந்த வேண்டும். சேம நாளும் சேம நிதியும் குறிப்பிடாத எந்தத் திட்ட அறிக்கைக்கும் மத்திய அரசு ஒப்புதல் தரக் கூடாது.