லயத்தை இடிப்பது யார் பொறுப்பு?

2025 ஒக்டோபர் 12ஆம் திகதி பண்டாரவளையில், இந்திய உதவியுடனான வீடமைப்புத் திட்டத்தின் கீழ் சுமார் 2,000 தோட்டக் குடும்பங்களுக்கு வீட்டு உரிமைப் பத்திரங்களை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க வழங்கினார். மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால், நெடுங்காலம் செய்தி எழுதிப் பழகியவனுக்கு ஒரு கேள்வி எஞ்சுகிறது. குடும்பங்கள் புதிய வீட்டுக்குப் போன பின்னர் பழைய லயத்தை இடிப்பது யார்?

லயம் தனி வீடன்று. ஒரே கூரையின் கீழ், பொதுச்சுவர்களால் பிரிக்கப்பட்ட காம்பராக்களின் வரிசை அது. நடுவிலுள்ள ஒரு காம்பராவைப் பிரித்தால் இருபுறத்துச் சுவர்களும் மழைக்குத் திறந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் பண்டாரவளைக்கு அருகே தோட்டமொன்றில் இதை நேரில் கண்டேன். ஆறு காம்பராக்களில் நான்கு குடும்பங்களுக்கு வீடு கிடைத்திருந்தது. அவர்களின் பகுதிக் கூரையைக் கழற்றியவர்கள் அத்துடன் போய்விட்டார்கள். எஞ்சியிருந்த மூதாட்டி ஒருவர், "சுவரு எப்ப விழும்னு பாத்துக்கிட்டுத்தான் படுக்குறோம், ஐயா" என்றார். தோட்ட நிர்வாகத்தைக் கேட்டேன். ஒப்பந்தகாரரின் வேலை என்றார்கள். ஒப்பந்தகாரரோ, வீடு கட்டுவதற்கு மட்டுமே தமக்குப் பணம் என்றார்.

அப்படியானால் இடிக்காமலே விட்டுவிடலாமா? அதுவும் ஆபத்தே. இடமின்றித் தவிக்கும் வேறொரு குடும்பம் அந்தக் காம்பராவில் குடியேறிவிடும். மண்சரிவு அபாயமுள்ள சரிவுகளில் இதன் விலை உயிர். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்தது. ஆயினும் லயங்களில் மக்கள் இருந்தார்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை அவற்றை மூடியது. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையிலும் மண் சரிந்தது. 2025 நவம்பரில் 'டித்வா' புயல் பதுளை மாவட்டத்தை மீண்டும் புரட்டிப் போட்டது. எச்சரிக்கைக் கடிதம் மட்டும் எவரையும் காப்பதில்லை.

ஆகவே, இடிப்புச் செலவு வீடமைப்பு ஒப்பந்தத்திலேயே சேர்க்கப்பட வேண்டும். ஒரு லயத்தின் கடைசிக் குடும்பத்துக்கும் மாற்றிடம் கிடைத்த பின்னரே முதல் தகடு கழற்றப்பட வேண்டும். மின் இணைப்பைத் துண்டித்து, கூரையை இறக்கி, அதன் பின்பே சுவரில் கைவைக்க வேண்டும். அஸ்பெஸ்டஸ் கூரையாயின் தகடுகளை நனைத்து, ஆணிகளைக் கழற்றி, உடையாமல் இறக்குவதே முறை. சகல வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம் தோட்டங்களிலோ, முகக்கவசம்கூட இல்லாத இளைஞர்கள் நாட்கூலிக்குச் சுத்தியலால் அதை உடைக்கிறார்கள். உடைந்த துண்டுகள் கோழிக்கூட்டுக்கும் வேலிக்கும் போகின்றன. கல்லும் மண்ணும் கானில் கொட்டப்பட்டால், வடிய வேண்டிய மழைநீர் மலைக்குள் இறங்கும்.

இன்னுமொன்று. குசினியையும் முன்பக்க இஸ்தோப்பையும் தம் உழைப்பில் கட்டியவர்கள் தொழிலாளர்களே. அந்த மரமும் தகரமும் அவர்களுக்கே உரியவை, ஒப்பந்தகாரரின் லாபமல்ல.

லயத்தை இடித்தால் வரலாறு அழியும் என்போரும் உளர். கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தில் 2007இல் தொடங்கப்பட்ட தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் அந்த நினைவைக் காத்து வருகிறது. நினைவுக்கு அத்தகைய இடங்கள் போதும். அதற்காக மனிதர்கள் லயங்களில் வாழ வேண்டியதில்லை.

வீட்டுத் திறப்பு விழாவுக்கு நாள் குறிக்கும்போதே லயத்தை இடிக்கவும் நாள் குறியுங்கள். அதுவரை வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.